திரையும் ஆசிரியரும்

கல்விக்கென்று பொருள் தருவது நம்மவர்க்குப் புதிய வழக்கம் அன்று. திண்ணைப் பள்ளி ஆசிரியர்க்கு நெல் அளந்த காலம் ஒன்று இருந்தது. பின்னர்ப் பள்ளிக்குக் கூரை வேய்ந்து தந்தனர். கரும்பலகையும் மேசையும் நாற்காலியும் வாங்கித் தந்தனர். இன்று அந்த வரிசையில் ‘திறன் வகுப்பறை’ வந்து நிற்கிறது. சுவரளவு தொடுதிரை, கணினி, கைக்கணினிகள், இணைய இணைப்பு ஆகியவை கூடிய அறைக்கு அப்பெயர் வழங்குகிறது. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் நல்ல நிலையில் உள்ள அன்பர்கள் சிலர், தாம் பயின்ற கிராமத்துப் பள்ளிக்கு இத்தகைய அறை ஒன்றை அமைத்துத் தர விரும்பி நம்மிடம் ஆலோசனை கேட்கின்றனர். அவர்கட்கு விடை கூறும் முகமாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

விடை கூறும் முன்னர், நாமே செய்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுவது முறையாகும்.

சில ஆண்டுகட்கு முன்பு கோடை விடுமுறையில் நம் கிராமச் சிறார்க்குக் கணித வகுப்பு நடத்தினோம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் இருபத்து மூவர் வந்தனர். அன்பர் ஒருவர் மனமுவந்து அளித்த நன்கொடையைக் கொண்டு பெரிய திரையும் கணினியும் வாங்கியிருந்தோம். அசையும் படங்களோடு அமைந்த பாடங்களை நாள்தோறும் ஓட்டிக் காட்டினோம். சிறார் இமை கொட்டாமல் பார்த்தனர். பெற்றோர் வாயிற்படியில் நின்று பார்த்து மகிழ்ந்தனர். புகைப்படம் எடுத்து நன்கொடையாளர்க்கும் அனுப்பி வைத்தோம்.

பத்தாம் நாள் சிறு தேர்வு ஒன்று வைத்தோம். தசம எண்களின் வகுத்தலே கேள்வி. பாதிக்கு மேற்பட்டோர் வெறுந்தாளை நீட்டினர். ஏழாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவனை அருகழைத்து, வகுத்தல் கிடக்கட்டும், 302-இலிருந்து 147-ஐக் கழித்துக் காட்டு என்றோம். சற்றும் தயங்காமல் 245 என்று எழுதினான். எப்படி வந்தது என்று வினவினோம். மூன்றில் ஒன்று போக இரண்டு, நான்கில் சுழி போக நான்கு, ஏழில் இரண்டு போக ஐந்து என்றான். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறான். எது மேலே உள்ளது, எது கீழே உள்ளது என்பது அவனுக்கு ஒரு பொருட்டாக இல்லை. கடன் வாங்கிக் கழிக்கும் முறையை அவன் மூன்றாம் வகுப்பிலேயே தவறவிட்டிருக்க வேண்டும். அதற்குப்பின் நான்கு ஆண்டுகள் ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பத்து நாட்கள் நம் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டினான். நாமும் கண்டுபிடிக்கவில்லை.

திரை தன் வேலையைக் குறைவின்றிச் செய்தது. கேட்பவன் எங்கே நிற்கிறான் என்று அறியாமல் அதனைப் பேசவிட்டோமே, அதுதான் பிழை. கருவிக்குச் செலவிட்ட தொகையில் ஒரு சிறு பங்கையேனும் அதனை அறிவதற்குச் செலவிட்டிருக்கலாம்.

இப்பிழையை நாம் மட்டும் செய்யவில்லை. ஒரு நாடே செய்திருக்கிறது. தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டு அரசு, ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்னும் உலகத் திட்டத்தை ஏற்று, 2008 முதல் எட்டு இலட்சத்திற்கும் அதிகமான மடிக்கணினிகளைப் பள்ளிகட்கு வழங்கிற்று. உலகில் அத்திட்டத்தை இவ்வளவு பெரிதாக வேறு எந்நாடும் நிறைவேற்றவில்லை எனலாம். மலையூர்களிலும் ஆற்றங்கரைச் சிற்றூர்களிலும் குழந்தைகள் பச்சையும் வெண்மையும் கலந்த சிறு கணினிகளை மடியில் வைத்திருக்கும் படங்கள் உலகெங்கும் பரவின. 319 கிராமப்புறப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கணினி பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் ஒப்பிட்டு நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. எட்டு மாணவர்க்கு ஒன்று என்றிருந்த கணினி, மாணவர்க்கு ஒன்றுக்கு மேல் என்று உயர்ந்திருந்தது. ஆனால் கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் கணினி பெற்ற பிள்ளைகள் மற்றவரைவிட முன்னேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பொதுவான சிந்தனைத் திறனை அளக்கும் சில தேர்வுகளில் சிறிது ஏற்றம் காணப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை. அக்கருவியைப் பாடத்தோடு எவ்வாறு இணைப்பது என்பதில் ஆசிரியர்க்குப் போதிய பயிற்சியும் இல்லை. கருவி வந்தது, கற்பிக்கும் முறை பழையபடியே இருந்தது.

இதைக் கேட்டு, கணினியே கல்விக்கு ஆகாது என்று முடிவு கட்டுவாரும் உளர். அவர்கள் நம் தலைநகர் டெல்லியில் நிகழ்ந்ததையும் கேட்க வேண்டும்.

அங்கே அரசு நடுநிலைப் பள்ளிகளில் பயிலும் 619 மாணவர்களைக் கொண்டு 2015-16-இல் ஓர் ஆய்வு நடைபெற்றது. பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெகாந்திரோ கனிமியன் ஆகிய மூவர் அதனை நடத்தினர். மாலை வகுப்பில் சேர விரும்பிய பிள்ளைகளில் சீட்டுக் குலுக்கி ஒரு பாதியினரைத் தேர்ந்தெடுத்து, கட்டணமின்றிச் சேர்த்தனர். மறுபாதியினர் ஒப்பீட்டுக்காக வழக்கமான பள்ளிப் படிப்போடு இருந்தனர். வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வகுப்பு. அதில் 45 நிமிடம் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் மென்பொருளோடு தனித்தனியே பயில்வர். மற்றைய 45 நிமிடம் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் கொண்ட குழுவாக ஓர் ஆசிரியரிடம் பயில்வர். சுமார் நான்கரை மாதம் இவ்வாறு நடந்தது.

தொடக்கத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் உள்ளது என்று சோதித்தனர். அச்சோதனை காட்டியதுதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. ஆறாம் வகுப்பு மாணவர் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தனர். மேல்வகுப்புகளில் இடைவெளி இன்னும் அகன்றது. ஒரே வகுப்பறையில் அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கிடையே ஐந்தாறு வகுப்புகளின் வேறுபாடு இருந்தது. இரண்டாம் வகுப்புக் கணக்கே வராதவனும் ஏழாம் வகுப்புக் கணக்கை எளிதாகப் போடுபவனும் ஒரே பெஞ்சில் இருந்தால், எந்த ஆசிரியர்தாம் என்ன செய்வார்? பாடநூல் ஏழாம் வகுப்புக்கு எழுதப்பட்டது. அதனை முடித்தாக வேண்டும். எனவே அவர் முன்வரிசையை நோக்கிப் பேசுகிறார். ஆசிரியரைக் குறை கூறுவோர் இந்நிலையை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மென்பொருளின் பயன் இவ்விடத்தில்தான் விளங்குகிறது. அது பிள்ளையின் வயதையோ வகுப்பையோ கொண்டு பாடத்தைத் தொடங்குவதில்லை. பிள்ளையின் விடையைக் கொண்டு தொடங்குகிறது. சரியாக விடையளித்தால் அடுத்த படி. தவறினால், எவ்வகைத் தவறு என்று பார்த்து அதற்கேற்ற விளக்கம். நம் சிறுவன் எழுதிய 245-ஐ எடுத்துக்கொள்வோம். சரியான விடை 155. ஒருவன் 154 என்று எழுதினால் அது கவனக்குறைவு. மீண்டும் ஒருமுறை போடச் சொன்னால் போதும். 245 என்று எழுதினால் அது கவனக்குறைவு அன்று, தவறாகக் கற்ற ஒரு விதி. அதனை வேரோடு களைந்தாக வேண்டும். நல்ல ஆசிரியர் இவ்வேறுபாட்டை ஒரு நொடியில் காண்பார். ஆனால் நாற்பது நோட்டுப் புத்தகங்கள் முன்னே குவிந்திருக்கும்போது ஒவ்வொன்றிலும் காண்பது எவர்க்கும் அரிது. இந்த ஓயாத வேலைக்குக் கணினி பொருத்தமான ஏவலாள். அதற்குக் களைப்பும் இல்லை, சலிப்பும் இல்லை.

பயன் என்னாயிற்று? அக்குறுகிய காலத்தில், வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கணிதத்திலும், அதனினும் சற்றுக் கூடுதலாக இந்தி மொழியிலும் முன்னேறினர். அவர்களுடைய வருகையோ நூற்றுக்கு அறுபதைக்கூட எட்டவில்லை. மிகவும் பின்தங்கிய பிள்ளைகளை நோக்கினால் வேறுபாடு இன்னும் தெளிவாயிற்று. வழக்கமான பள்ளிப் படிப்போடு நின்ற பின்தங்கியோர் அந்த மாதங்களில் ஓரடியும் நகரவில்லை, இவர்களோ நகர்ந்தனர். இவ்வாய்வு 2019-இல் அமெரிக்கப் பொருளியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று.

பெற்றோர் அறிய வேண்டிய செய்தி இன்னும் ஒன்றுண்டு. இப்பிள்ளைகள் பள்ளியில் எழுதிய கணிதத் தேர்வில் மதிப்பெண் உயரவில்லை! மூன்றாம் வகுப்பு நிலையிலிருந்து ஐந்தாம் வகுப்பு நிலைக்கு ஏறிய பிள்ளைக்கு, எட்டாம் வகுப்பு வினாத்தாள் இன்னமும் எட்டாக்கனிதான். உண்மையில் கற்றிருக்கிறான், மதிப்பெண் அட்டை அதைக் காட்டவில்லை. ‘இவ்வளவு செலவழித்தும் அதே மார்க்தானே’ என்று பாதியில் நிறுத்திவிடுகிற நம் வழக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்றியும், இந்தப் பயனில் மென்பொருளின் பங்கு எவ்வளவு, குழுவுக்கு நேரில் கற்பித்த ஆசிரியரின் பங்கு எவ்வளவு என்று அவ்வாய்வு பிரித்துக் காட்டவில்லை. இரண்டும் சேர்ந்தே அங்கே இருந்தன. மென்பொருளை விற்க வருவோர் இதனை நமக்குச் சொல்வதில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு நன்னூலைத் திறந்தபோது நமக்கு வியப்பு உண்டாயிற்று. சீயகங்கன் வேண்டிக்கொண்டதற்கு இணங்கப் பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் இயற்றிய அவ்விலக்கண நூலின் முகப்பில், எழுத்தும் சொல்லும் தொடங்குமுன்பே ஆசிரியர், மாணாக்கர், கற்பிக்கும் முறை, கற்கும் முறை ஆகியவை பேசப்படுகின்றன. பாடம் சொல்லுபவர் ஏற்ற இடமும் காலமும் தேர்ந்து, சொல்ல வேண்டுவதை முன்னரே உள்ளத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு, விரைவும் வெகுளியும் இன்றி, மாணாக்கன் எவ்வாறு கொள்வானோ அதனை அறிந்து சொல்ல வேண்டும் என்கிறார் முனிவர். டெல்லியில் மென்பொருளுக்கு இட்ட பணியும் அந்தக் கடைசிப் பணிதான்.

மேலும் ஒரு கணக்கும் தருகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கால் பங்கே. உடன் பயிலும் தோழரோடு கலந்து பயில்வதால் இன்னொரு கால் பங்கு வருகிறது. எஞ்சிய அரைப் பங்கோ தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதனால் வருகிறது. இக்கணக்கை ஒரு திறன் வகுப்பறையின் வாயிலில் நின்று போட்டுப் பாருங்கள். எவ்வளவு உயர்ந்த திரையானாலும் அது தரக்கூடியது அந்த முதற்காலை மட்டுமே. மற்றைய முக்காலுக்கு அந்த அறையில் இடம் உண்டா? எல்லா இருக்கைகளும் திரையை நோக்கியே போடப்பட்டிருந்தால் பிள்ளை எவரோடு கலந்து பயில்வது, எவருக்கு எடுத்துரைப்பது?

அண்டை மாநிலமாகிய கேரளம் இதில் நல்ல வழி ஒன்று கண்டது. அங்கே உயர்நிலை, மேல்நிலை வகுப்பறைகள் 45,000 அளவில் கருவி வசதி பெற்றன. அதனினும் நம் கருத்தைக் கவர்வது, ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் பெயரில் 2018-இல் பள்ளிகளில் தொடங்கப்பெற்ற மாணவர் மன்றங்களாகும். கருவிகளைப் பேணுவதில் உதவுவதும், கற்றதை உடன் பயில்வோர்க்குச் சொல்லித் தருவதும் அம்மன்றப் பிள்ளைகளின் பணி. இணையத்தில் ஏமாறாமல் இருப்பது எவ்வாறு என்று தாய்மார்க்கே அவர்கள் வகுப்பெடுத்ததுண்டு. எஞ்சிய அரைப் பங்கு எங்கிருந்து வரும் என்பதை அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, செய்தது சரியே.

தமிழ்நாட்டிலும் முயற்சிகள் குறைவில்லை. மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி 2011-இல் தொடங்கியது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சாயின; கைப்பேசியில் அக்குறியீட்டைக் காட்டினால் அப்பாடத்தின் காணொளி வரும். 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இவற்றோடு ஒப்பிடுகையில் கருவியே இல்லாத ஒரு திட்டம் நம் பகுதியில்தான் தொடங்கிற்று. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த நாட்களின் இழப்பை ஈடுசெய்ய, 27.10.2021 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்ற ‘இல்லம் தேடிக் கல்வி’ அது. மாலை வேளையில் தெருத்திண்ணையிலும் வீட்டு முற்றத்திலும் தன்னார்வலர்கள், அவர்களுள் பெரும்பாலோர் அவ்வூர்ப் பெண்கள், ஒரு சிறு கூட்டத்துக்குப் பாடம் சொன்னார்கள். இருபது பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் எதிரே அமர்ந்திருப்பதும் ஒருவகைத் திறன் வகுப்பறைதான் என்று சொன்னால் மிகையாகாது.

இனி வீட்டுக்கு வருவோம். 2020-இல் பள்ளி மூடியபோது பாடத்துக்காக வீட்டுக்குள் நுழைந்த கைப்பேசி, பள்ளி திறந்த பின்பும் வெளியேறவில்லை. நன்னூல் மாணாக்கர்க்கு உவமையாகக் கூறுவனவற்றுள் ஆடும் ஒன்று. ஒரு செடியில் வயிறார மேயாமல், இங்கொரு தழை அங்கொரு தழை என்று கடித்துக்கொண்டே போவது ஆட்டின் இயல்பு. கியூஆர் குறியீட்டில் தொடங்கி, பாடத்தின் காணொளி முடியுமுன்னே அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் விரல் தள்ளிப் போகும் பிள்ளையைக் கண்டவர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. அந்தக் கருவி ஆட்டை உண்டாக்கவில்லை. ஆனால் வேலியைப் பிடுங்கிவிட்டது. கருவிகளில் முன்னோடியாகிய ஸ்வீடன் நாடே 2023-இல் வகுப்பறைகட்கு மீண்டும் அச்சுப் புத்தகங்கள் வாங்கப் பெருந்தொகை ஒதுக்கியது என்பதையும் கருத்திற் கொள்வது நல்லது. பாடம் பார்க்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பதும், பார்த்து முடித்ததும் ‘எனக்குச் சொல்’ என்று கேட்பதும் எல்லா வீட்டிலும் இயலும். கேட்கும் பாட்டிக்கு அக்கணக்குத் தெரியாதிருப்பது இன்னும் நன்று. பிள்ளை நன்றாக விளக்கியாக வேண்டும் அல்லவா?

நன்கொடை அளிக்க விரும்பும் அன்பர்கட்கு நாம் கூறுவது இதுவே. கருவியின் விலையை விசாரிக்குமுன், பிள்ளை தவறாக விடையளித்தால் அக்கருவி என்ன செய்யும் என்று விசாரியுங்கள். படம் காட்டுவதோடு நிற்பதாயின் அதற்குச் சுவரளவு திரை தேவையில்லை. விளக்கங்கள் நம் பிள்ளைகள் பேசும் தமிழில் உள்ளனவா என்று ஒரு பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள். அறையின் சாவி எவரிடம் இருக்கும், உத்தரவாதக் காலம் முடிந்தபின் பழுது பார்ப்பவர் யார், மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் என்ன செய்வது என்பவற்றை முன்னரே எழுதி வாங்குங்கள். பழுதாகுமோ என்று அஞ்சிப் பூட்டியே வைக்கப்பட்ட அறைகளை நாம் கண்டிருக்கிறோம். திரையின் மேல் ஒட்டிய மெல்லிய தாள்கூட உரிக்கப்படாமல் இருந்தது. கொடுக்கும் தொகை நூறு ரூபாய் என்றால் ஐம்பதைக் கருவிக்கும் ஐம்பதை அதனருகே நிற்கப்போகும் மனிதர்க்கும் என்று பிரித்துக் கொடுங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்க மனிதர் மீது இடம் இல்லை என்பது உண்மைதான்.

நம் கோடை வகுப்பு அதற்கடுத்த ஆண்டு எவ்வாறு நடந்தது என்று அன்பர்கள் கேட்கக்கூடும். முதல் நாள் பாடமே நடத்தவில்லை. கூட்டலில் தொடங்கித் தசமத்தில் முடியும் ஒரே தாளை எல்லார்க்கும் கொடுத்து, எவர் எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொண்டோம். வகுப்பைக் கொண்டு அன்றி அந்நிலையைக் கொண்டு ஐந்து குழுக்களாகப் பிரித்தோம். பழைய மடிக்கணினிகள் இரண்டில் பயிற்சிக் கணக்குகளை ஏற்றி, குழுக்கள் முறைவைத்துப் பயன்படுத்தின. பெரிய திரை நாளுக்குக் கால் மணி நேரமே ஓடிற்று. கழித்தலில் தடுமாறிய அச்சிறுவனுக்கு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் கடன் கொடுப்பது எப்படி என்று காட்டினாள். மூன்றாம் நாள் அவன் அதையே தன் தங்கைக்குக் காட்டிக்கொண்டிருந்தான். திரை வாங்கித் தந்த அன்பர்க்கு இம்முறை புகைப்படத்துக்கு மாறாக அவனுடைய இரண்டு தாள்களை அனுப்பினோம். ஒன்றில் 245, மற்றொன்றில் 155.

இவ்வாண்டும் மே மாதம் வகுப்பு உண்டு. கழித்தல், வகுத்தல், வாய்பாடு தெரிந்த பெரியவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் வந்து உதவினால் போதும். கணினி தெரிந்திருக்க வேண்டுவதில்லை; அதனைப் பிள்ளைகள் சொல்லித் தருவார்கள்.